வேலுத்தாய் போட்ட தடை

ஏழாயிரம்பண்ணை,
20 ஜூன் 2024

அன்புத் தம்பி முனியராஜுக்கு அக்கா வேலுத்தாய் எழுதுவது.

இங்கே நானும் உன் மச்சானும் எங்கள் பிள்ளை சினேகாவும் சுகம். நீ சுகம் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டேன். என்னென்ன சாப்பிட்டாய் என்று எழுது, நானே தெரிந்துகொள்கிறேன். போனில் பேசலாம் என்றால் நீ "அக்கா" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் அந்த ஊரில் கரண்ட் போய்விடுகிறது. போகட்டும். சண்டையைத் தாளில் போட்டால்தான் பாதியில் அறுந்துபோகாது. உங்கள் சென்னை ஆபீசிலிருந்து கியூபாவுக்கு வருகிறவர் பையில் இது உன்னிடம் வந்து சேரும்.

போன தடவை என்ன சொன்னாய்? "இந்த நாடு ஏழையாக இருப்பதற்கு இந்த நாட்டு சர்க்கார்தான் காரணம். அமெரிக்காக்காரன் போட்ட தடை என்பதெல்லாம் சாக்கு" என்றாய். சோலார் தகடு மாட்டப் போனவன் நாட்டையே அளந்துவிட்டாய். தடை என்றால் என்னவென்று நம் ஊர்க்காரனுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? சரவெடிக்குத் தடை வந்தபோது நாரணாபுரத்தில் சரம் பின்னிய கைகள் எல்லாம் சும்மா கிடந்தன. பச்சை நிறம் கொடுக்கும் உப்புக்குத் தடை வந்தது. டெல்லியில் வெடிக்கவே தடை. அங்கே இருப்பவர்களும் மூச்சு விட வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அங்கே ஒரு உத்தரவு போட்டால் இங்கே அடுப்பு அணைகிறது. இதில் நம் பஞ்சாயத்துத் தலைவர் செய்த தப்பு என்ன? ஒருவன் கடை வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, "உனக்கு வியாபாரம் பண்ணத் தெரியவில்லை" என்று அவனையே ஏசுவது போல இருக்கிறது உன் பேச்சு.

எங்கள் பட்டாசுக் கம்பெனி நன்றாக ஓடுகிறது. புஸ்வாணம் அடைக்கும் பூச்சட்டி ஷெட்டுக்கு உன் அக்காதான் இன்னும் தலைவி. மச்சானின் வேனில் பெண்கள் இடம் இல்லாமல் நின்றுகொண்டு வருகிறார்கள். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் பதிலை அடிக்கக் காத்திருக்கும் அக்கா,
வேலுத்தாய்

---

கியூபா,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு முனியராஜ் வணக்கம். நான் நலம். மச்சான், சினேகா இருவரையும் கேட்டதாகச் சொல்.

நான் குடியிருக்கும் மாடியின் கீழ்வீட்டில் ரெனே, யமிலா என்று புருஷன் பெண்டாட்டி இருக்கிறார்கள். அவள் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. அவர் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையில் வேலை பார்க்கிறார். நாம் இருவரும் கடிதத்தில் போடும் சண்டையை அவர்கள் தினமும் காப்பி குடித்துக்கொண்டே போடுகிறார்கள். பேசுவது ஸ்பானிஷ். உனக்காக நம் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"வடக்க இருக்கவன் பூட்டப் போட்டுட்டான். கப்பல் வரலேன்னா சோறு எங்கன இருந்து வரும்?" என்பாள் யமிலா.

"பூட்டு அவன் போட்டதுதான். தோட்டத்துல வெளஞ்ச தக்காளி அங்கனயே அழுகுதே, அது எந்தப் பூட்டு? ஆபீசர் கையெழுத்துப் போடாம லாரி நகராது. இவரும் அமெரிக்காக்காரரா?" என்பார் ரெனே.

நான் ரெனே பக்கம். அக்கா, இந்த மண்ணை நீ பார்க்க வேண்டும். குச்சியை நட்டால் துளிர்க்கிறது. மழைக்கும் குறைவில்லை. நம்முடையது வானம் பார்த்த பூமி. கருவேல முள்ளைத் தவிர ஒன்றும் தானாக முளைக்காது. அந்த மண்ணில் தீப்பெட்டி அடுக்கி, பட்டாசு சுற்றி, காலண்டர் அச்சடித்து, இந்தியா முழுவதற்கும் விற்று நாம் மேலே வந்தோம். யார் நமக்குக் கை கொடுத்தார்கள்? எங்கே போனாலும் நான் ஏழாயிரம்பண்ணைக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது அதனால்தான். நடத்துகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

மெழுகுவர்த்தி தீரப் போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
முனியராஜ்

---

ஏழாயிரம்பண்ணை,
5 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். சீசன் வேலை தலைக்கு மேல் இருப்பதால் நாலு வரிதான் எழுத நேரம்.

சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொன்னேன். நீ மண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆகவே அங்கே சாப்பாடு சரியில்லை. என்னிடம் மறைக்காதே.

"நாம் மேலே வந்தோம்" என்று எழுதியிருக்கிறாயே, யார் அந்த நாம்? நம் முதலாளி சிவபாண்டி மேலே வந்தார். அவர் வீடு மூன்று மாடி. உன் அக்கா வீட்டில் போன ஐப்பசியில் ஒழுகிய இடம் இந்த ஐப்பசிக்கும் ஒழுகக் காத்திருக்கிறது. சரி, அதை விடு. ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

அக்கா

---

ஏழாயிரம்பண்ணை,
12 செப்டம்பர் 2024

மாப்பிள்ளை முனியராஜுக்கு மச்சான் சங்கிலிமுத்து எழுதிக்கொண்டது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

கம்பெனி ஆடி மாதமே சாத்தியாகிவிட்டது. வடக்கே ஆர்டர் எல்லாம் நின்றுபோனது என்று முதலாளி சொன்னார். வேன் வீட்டு வாசலில் நிற்கிறது, அதில் கோழி முட்டையிடுகிறது. உன் அக்கா கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் இடத்துக்குக் கூலிக்குப் போகிறாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுதியது அந்த வேலையைத்தான்.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். இப்போது முதலாளி வேறு ஒன்று சொல்கிறார். வெடிமருந்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து தருவாராம், வீட்டிலேயே வைத்துப் பூச்சட்டி அடைத்துக் கொடுக்க வேண்டுமாம். கூலி ஒன்றரை மடங்கு. அடுப்பு எரிகிற வீட்டில், பிள்ளை தூங்குகிற வீட்டில் மருந்து! விஸ்வநத்தம் பக்கம் அப்படி ஒரு வீட்டின் கூரை போனதை நானே பார்த்திருக்கிறேன். உன் அக்கா முடியாது என்று சொல்லிவிட்டாள். அவள் தொடாவிட்டால் மற்றப் பெண்களும் தொடத் தயங்குகிறார்கள். அதனால் சில பேர் அவள் மேல் கோபமாக இருக்கிறார்கள். குழாயடியில் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை நாள் தாங்குவாள் என்று தெரியவில்லை.

உன்னிடம் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று மறைக்கிறாள். வந்துவிடாதே.

சங்கிலிமுத்து

---

கியூபா,
25 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை மனசார எழுதுகிறேன்.

சாப்பாடு கேட்டாய். சோறும் கறுப்பு மொச்சையும். இருந்தால் முட்டை. போதுமா?

போன வாரம் இந்த நாடு முழுக்க இருட்டு. மின்நிலையம் ஒன்று நின்றது, பின்னாலேயே எல்லாம் நின்றது. எங்கள் ஊர்த் தண்ணீர் மோட்டாரும் எரிந்துவிட்டது. ரெனே அதற்கு ஒரு உதிரிபாகம் கேட்டு எழுதிப் போட்டார். வாங்கப் போனால் ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. இங்கே வந்த கப்பல் அரை வருஷத்துக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு இறக்க முடியாதாம். அதனால் பாதிக் கப்பல்கள் வருவதில்லை, வருகிறவன் இரண்டு மடங்கு வாடகை கேட்கிறான். பணம் அனுப்பினால் வங்கி திருப்பிவிடுகிறது. அக்கா, தடை சாக்கு இல்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உடனே சினேகாவிடம் சொல்லிச் சிரிக்காதே.

இருட்டில் ஒன்று பார்த்தேன். பிரிட்ஜ் எல்லாம் நின்றதும் தெருவில் உள்ளவர்கள் தங்கள் வீட்டுக் கறி, மீன், கிழங்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு யமிலா வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே பானை. எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும்தான்.

சீசன் நல்லபடி முடிந்திருக்கும். தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொள்.

தம்பி,
முனியராஜ்

---

ஏழாயிரம்பண்ணை,
15 நவம்பர் 2024

தம்பிக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இதற்குப் பதில் சொல். வேனுக்கு டயர் வாங்க என்று உன் மச்சானுக்கு எவ்வளவு அனுப்பினாய்? ஓடாத வேனுக்கு எதற்கு டயர்? இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கப் பார்த்தீர்கள். மச்சானை உட்காரவைத்துக் கேட்டேன். எல்லாவற்றையும் கக்கிவிட்டார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆமாம், கம்பெனி சாத்தியிருக்கிறது. ஆமாம், கரிமூட்டத்துக்குப் போகிறேன். உழைத்துச் சாப்பிடுவதில் எனக்கு என்ன வெட்கம்? நீ கவலைப்படுவாய் என்றுதான் எழுதவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். ஊரில் பாதி வீடுகளில் மருந்து இறங்கிவிட்டது. எங்கள் ஷெட்டுப் பெண்கள் மட்டும்தான் பாக்கி. முதலாளியே காரில் வந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தேன்.

"என்ன வேலுத்தாய், எல்லாரும் ஒன் மொகத்தையே பாத்துட்டு நிக்காக. நீ ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சது."

"ஆர்டர் இல்லேன்னு கம்பெனியச் சாத்தினீக மொதலாளி. ஆர்டர் இல்லாத சட்டிய அடச்சு என்ன செய்யப் போறீக? அடுக்கி வச்சு அழகு பாக்கவா?"

லாரி ஆபீசுக்கு எங்கள் கம்பெனி லோடு போய்க்கொண்டே இருப்பதை மச்சான் கண்ணால் பார்த்திருக்கிறார். அது முதலாளிக்குத் தெரியாது.

"தடை இருக்கது ஒனக்குத் தெரியாதா? ஆர்டர் பாதியாப் போச்சு. ஷெட்டு, லைசென்சு, இன்சூரன்சு எல்லாம் பாத்தா எனக்குக் கட்டாது."

"கட்டாதத எங்க வீட்டுல எறக்கி வைக்கீக. நல்லது. மொதல்ல உங்க வீட்டுக் கூடத்துல எறக்குங்க. நானும் வந்து கூட ஒக்காந்து அடைக்கேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "தை மாசம் புதுசாத் தொடங்கையில மொத சட்டி ஒன் கையாலதான் அடைக்கணும்னு எங்க அம்மா நிப்பாக. அத நெனச்சுப் பேசு" என்றார். அவர் தாயார் மூக்கம்மாளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. வருஷா வருஷம் நான் அடைத்த சட்டியைக் கம்பெனி வாசலில் கொளுத்திப் பார்த்த பிறகுதான் வேலை தொடங்கும்.

"அப்ப என் கைக்கும் தடைதான் மொதலாளி. மருந்து கம்பெனிக்குள்ள திரும்பிப் போற வரைக்கும் எங்க ஷெட்டுல ஒருத்தியும் உங்களுக்குச் சட்டி அடைக்க மாட்டா."

தம்பி, டெல்லிக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் மட்டும்தான் தடை போடத் தெரியுமா? உன் அக்காவும் போட்டுவிட்டாள். பெண்கள் எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். குழாயடியில் இப்போது என்னோடு பேசுகிறார்கள்.

நாங்கள் சுகம். நீ முட்டை சாப்பிடு.

வேலுத்தாய்

---

கியூபா,
10 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். என் அக்கா என்று யமிலாவிடமும் ரெனேவிடமும் மொழிபெயர்த்துச் சொன்னேன். யமிலா மேசையைத் தட்டினாள். ரெனே சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை எழுதுகிறேன், கோபப்படாதே. "தடை போட்டவுக நாட்டு ராசாவப் பட்டினி போடத்தான் போடுதாக. ராசா வீட்டுல ஒரு நேரம் கூட சோறு நிக்கல. நின்னது எங்க வீட்டுல."

சிவபாண்டிக்கு இரண்டு வருஷம் உட்கார்ந்து சாப்பிட இருக்கிறது. உன் ஷெட்டில் நாளைக்கு அரிசி இல்லாதவள் யார்? அவளைப் பார்த்தாயா? நீ எதைத் திட்டினாயோ அதையே கையில் எடுத்திருக்கிறாய். எடுக்காதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவளைப் போய்ப் பார் என்று மட்டும் சொல்கிறேன்.

மோட்டார் உதிரிபாகம் துறைமுகம் வரை வந்துவிட்டது. நலம். உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

முனியராஜ்

---

ஏழாயிரம்பண்ணை,
12 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். பதில் போடத் தாமதம். உன் கடிதத்தைப் படித்து, "இவன் என்ன எனக்குப் புத்தி சொல்வது" என்று மடித்து வைத்துவிட்டேன். நீயும் ரெனேவும் சொன்னது சரி. இதை எழுத மனசே இல்லை, எழுதிவிட்டேன், திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதே.

மார்கழியில் ஒரு நாள் பத்திரகாளி வீட்டு வழியாகப் போனேன். எங்கள் ஷெட்டுப் பெண்தான். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். வாசலிலேயே மருந்து வாசம் அடித்தது. எனக்குத் தெரியாத வாசமா அது? கதவைத் தள்ளினேன். மூலையில் அடைத்த சட்டிகள். அதற்கு மேலே தொட்டிலில் பிள்ளை.

ஒரு மூச்சுக் கத்திவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"யக்கா, வையாத. ரெண்டு நாளா பிள்ளைகளுக்கு வெறுந் தண்ணி" என்றாள்.

அடுப்பைப் பார்த்தேன். சாம்பல் கூட இல்லை. துடைத்துச் சுத்தமாக இருந்தது. நான் போட்ட தடையில் சிவபாண்டி வீட்டில் ஒரு நேரம் கூடச் சோறு நிற்கவில்லை. இவள் வீட்டில் நின்றிருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பேசிவிட்டு வந்த எனக்கு அங்கே உட்கார்ந்து அழத்தான் முடிந்தது.

முதலாளியின் ஆள் வந்து மருந்தை எடுத்துப் போகும்வரை அவளையும் பிள்ளைகளையும் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டேன். அன்று சாயந்திரமே காளியம்மன் கோவில் அண்டாவை இறக்கி, தெருவுக்கே ஒரே உலை வைத்தோம். வீட்டுக்கு வீடு ரேஷன் அரிசி. பருப்புக்கும் எண்ணெய்க்கும் உன் டயர்ப் பணம். உங்கள் ஊர்ப் பானையைப் பார்த்துச் செய்ததாக நினைக்காதே, இங்கேயும் மூளை இருக்கிறது. சரி, கொஞ்சம் நினைத்துக்கொள்.

இப்போது வேடிக்கையைக் கேள். இரண்டாம் வாரமே என் மேல் புகார். அடுத்த வாரத்துக்கு ஆகட்டும் என்று கொஞ்சம் அரிசியை ஒதுக்கி வைத்தேன். "வேலுத்தாய் அரிசியப் பதுக்குதா" என்றார்கள். "அவ நாத்தனாருக்கு மட்டும் ஒரு கரண்டி கூட ஊத்துதா" என்றார்கள். பதுக்கியது பொய். கரண்டி மெய்தான் தம்பி. நாத்தனார் தட்டைப் பார்த்தால் கை தானாகத் தாழ்கிறது, என்ன செய்ய? அப்போதுதான் ரெனேவின் தக்காளி எனக்குப் புரிந்தது. தடை வாசலைத்தான் அடைக்கும். உள்ளே இருக்கிற சோற்றை எப்படிப் பங்கு வைப்பது என்பது உள்ளே இருக்கிறவர்கள் பாடு.

கரண்டியைப் பத்திரகாளி கையில் கொடுத்துவிட்டேன். எவளும் இப்போது வாய் திறப்பதில்லை. என்றாலும் இந்தத் தெருவுக்கு இப்போது நான்தான் சர்க்கார். இனி சர்க்காரைக் குறை சொல்வதென்றால் என்னைச் சொல்லி எழுது, பதில் தருகிறேன்.

தடை அப்படியே இருக்கிறது. இப்போது ஒருத்தியும் சட்டி அடைக்கவில்லை.

அக்கா வேலுத்தாய்

---

கியூபா,
30 ஜனவரி 2025

மாண்புமிகு அக்கா சர்க்காருக்கு,

நலம். நலம்தானே?

உதிரிபாகம் கப்பலில் வந்து சேரத் தடையால் இரண்டு மாதம். வந்து சேர்ந்த பிறகு துறைமுகக் கிடங்கில் கையெழுத்துக்காக ஒன்றரை மாதம். யமிலாவும் சரி, ரெனேவும் சரி. ஊர் அதுவரை குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. நேற்று மோட்டார் ஓடியது. ரெனே குழாயடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு சின்னப்பிள்ளை போலக் கத்தினார்.

இப்போது அவர்கள் சண்டை உன்னைப் பற்றி. நீ எந்தக் கட்சி என்று யமிலா கேட்கிறாள். கரண்டியைத் தானாக இறக்கி வைத்த சர்க்காரை இதுவரை பார்த்ததில்லை என்று ரெனே சொல்கிறார். நான், எங்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

அண்டாவுக்கு அனுப்பியிருக்கிறேன். டயருக்கு என்று இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

உன் குடிமகன்,
முனியராஜ்

---

ஏழாயிரம்பண்ணை,
20 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி முனியராஜுக்கு அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். மச்சான் வேனைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

தை பிறந்து நாள் ஓடியது. கம்பெனியில் முதல் சட்டி அடைக்கவில்லை. வேறொருத்தியை வைத்து அடைக்கலாம் என்று முதலாளி சொல்ல, அவர் தாயார் சம்மதிக்கவில்லை. அதோடு வீடுகளில் அடைத்த சட்டியில் பாதி சீறாமல் புகைந்துபோய் வடக்கே இருந்து திரும்பி வந்துவிட்டது. எங்கள் ஷெட்டில் அடைத்தது ஒன்று கூட அப்படித் திரும்பி வந்ததில்லை. மூக்கம்மாள் மகனோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்த நேரம் பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"பெரியம்மா, சாப்பிட்டீகளா? ஒக்காருங்க" என்றேன்.

அந்த அம்மாள் எங்கள் தெருவில் கை நனைத்தது கிடையாது. அன்றைக்கு உட்கார்ந்தார்கள். பத்திரகாளி ஒரு கரண்டி ஊற்றினாள், எல்லோருக்கும் ஊற்றும் அதே அளவு. முதலாளி நின்றுகொண்டே இருந்தார்.

பேச்சு முடிந்தது. எங்கள் வீடு மட்டும் இல்லை, ஊரில் எந்த வீட்டிலும் இனி மருந்து இருக்காது. ஷெட்டு திறக்க வேண்டும். கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார், ஆர்டர் புத்தகத்தைக் காட்டினார். ஆர்டர் குறைவு என்பது மெய்தான். நான் தனியாகச் சரி என்று சொல்லவில்லை. பெண்கள் கூடி ஒரு பொழுது முழுக்கக் கத்திச் சம்மதித்தார்கள், இந்த ஒரு சீசனுக்கு மட்டும். அந்தக் குறைவு டெல்லித் தடையின் பங்கு, அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அவர் தன் லாபத்துக்காகச் செய்ததை அந்தக் கணக்கில் சேர்க்க விடமாட்டோம். தடையா சர்க்காரா என்ற நம் சண்டைக்கு என் பதில் இவ்வளவுதான். இரண்டும்தான் காரணம், எது எவ்வளவு என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நேற்று முதல் சட்டியை அடைத்தேன். சாயந்திரம் வாசலில் வைத்துக் கொளுத்தினார்கள். பனை உயரம் எழுந்தது. மூக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ஒன் கைராசி வேலுத்தாய்" என்றார்கள்.

"ராசி என்ன பெரியம்மா. இந்தக் கை சும்மா இருந்துச்சு, உங்க கம்பெனியும் சும்மா இருந்துச்சு. அம்புட்டுத்தான்" என்றேன்.

முதலாளி கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

யமிலாவையும் ரெனேவையும் கேட்டதாகச் சொல். எழுதிக்கொண்டிருக்கும்போதே வேன் சத்தம் கேட்கிறது, பெண்கள் ஏறிவிட்டார்கள். நேற்று ஷெட்டில் ஒட்டியது இன்னும் சரியாகப் போகாத கையோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தாளின் ஓரத்தில் வெள்ளி வெள்ளியாக ஒட்டியிருப்பது அலுமினியத் தூள், உன் அக்காவின் விரல். தட்டிவிடாதே.

வேலுத்தாய்